ஊஞ்சலின் வீச்சும் ஆற்றலும்: செட்டிநாட்டு வீட்டிலேயே அளந்து பார்க்க ஒரு வழிகாட்டி

பதினோராம் வகுப்பில் அலைவுகள் பாடம் தொடங்கியதும் ‘சீரிசை இயக்கத்தின் மொத்த ஆற்றல் வீச்சின் இருமடிக்கு நேர்த்தகவில் இருக்கும்’ என்ற வரி வந்துவிடும். சீரிசை இயக்கம் என்பது ஊஞ்சலைப் போல நடுப்புள்ளிக்கு இரு பக்கமும் சீராகப் போய்வருவது, வீச்சு என்பது நடுவிலிருந்து ஓர் ஓரம் வரையுள்ள தொலைவு. மனப்பாடமாக எழுதிவிடலாம். ‘பொருள் வீச்சில் பாதித் தொலைவில் இருக்கும்போது இயக்க ஆற்றல் எத்தனை பங்கு?’ என்று கேட்டால்தான் சிக்கல். நிறையப் பேர் ‘பாதி’ என்கிறார்கள். விடை முக்கால். ஒருமுறை கையால் இழுத்து, கண்ணால் பார்த்து, நோட்டில் எழுதிவிட்டால் இந்தத் தவறு பிறகு வராது.

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், கானாடுகாத்தான் பக்கம் இருப்பவர்களுக்கு இதில் ஒரு வசதி உண்டு. பள்ளி ஆய்வகத்தில் ஒரு மீட்டர் நூலில் கட்டிய குண்டு இரண்டு நொடியில் போய் வந்துவிடும். செட்டிநாட்டு வீட்டின் உயர்ந்த விதானத்திலிருந்து தொங்கும் ஊஞ்சலுக்கு மூன்று நொடிக்கு மேல் ஆகும். நிதானமாக ஆடும், கனமானது, சட்டென்று நின்றும் போகாது. அளக்க இதைவிட நல்ல ஊசல் கிடைப்பது கடினம்.

கீழே வரும் எண்கள் எல்லாம் ஒரே எடுத்துக்காட்டுக்கு உரியவை: 2.50 மீட்டர் நீளத்தில் தொங்கும் 20 கிலோ பலகை, சங்கிலியின் எடையைக் கணக்கில் சேர்க்காமல். உங்கள் ஊஞ்சலின் எண்கள் வேறாக இருக்கும். கணக்குப் போடும் வழி ஒன்றுதான்.

1. அனுமதி, நாள், நேரம்

பெரிய வீடு என்றால் அது பெரும்பாலும் பல பங்காளிகளுக்குப் பொதுவானது. சாவி வைத்திருப்பவர் தலையாட்டினால் மட்டும் போதாது, அவரை விட்டே உரியவர்களிடம் ஒரு வார்த்தை கேட்கச் சொல்லுங்கள். பள்ளியின் பெயரில் போகிறீர்கள் என்றால் ஒரு தாளில் தேதி, நேரம், எத்தனை பேர், என்ன செய்யப்போகிறோம் என்று எழுதி ஆசிரியரிடம் கையெழுத்து வாங்கிக் கொடுத்துவிடுங்கள். கல்யாணம், படைப்பு (முன்னோர் வழிபாடு) என்று வீடு நிறைந்திருக்கும் நாட்களில் போகவே வேண்டாம். ஆடிக் காற்று வீசும் மாதமும் சரிப்படாது, வளவு (நடுமுற்றம்) வழியாக இறங்கும் காற்று பலகையைத் தள்ளும். விடிகாலையில் மின்விசிறியை அணைத்துவிட்டு அளப்பது நல்லது. ஊஞ்சல் வேலைக்கு மூன்று மணி நேரம், சுருள்வில் வேலைக்கு வேறொரு நாளில் இரண்டு மணி நேரம், கணக்குக்கும் வரைபடத்துக்கும் ஒரு மாலை. இதைவிட அவசரமாக முடிக்க நினைத்தால் அளவுகளைத் திரும்ப எடுக்க நேரம் இருக்காது, திரும்ப எடுக்காத அளவை நம்பவும் முடியாது.

2. என்னென்ன வேண்டும், எவ்வளவு ஆகும்

பெட்டி எடை பார்க்கும் கொக்கித் தராசு, மின்கலத்தில் ஓடுவது ஒன்று வாங்குங்கள். சுமார் 300 முதல் 500 ரூபாய் வரை ஆகும். செலவில் பெரியது இதுதான். அக்கம்பக்கத்தில் யாரிடமாவது இருக்கும், கேட்டுப் பாருங்கள். தையல்காரர் நாடா வேண்டாம், அது இழுபடும். உருக்கு அளவு நாடா எடுங்கள். காகித ஒட்டுநாடா, நூல், நாலு ஈர்க்குச்சி, வரைபடத்தாள் பத்து, செல்போன். சுருள்வில் பகுதிக்கு ஹார்டுவேர் கடையில் மெல்லிய இழுவை ஸ்பிரிங் ஒன்று. எல்லாம் சேர்த்து ஆயிரம் ரூபாய்க்குள் முடித்துவிடலாம்.

எடைக்கற்களுக்குக் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் கிடைக்கும் பழைய படிக்கற்களை எடுக்கலாம், தொங்கவிட வசதியானவை. ஆனால் அவற்றின் மேல் பொறித்த எண்ணை நம்பாதீர்கள். பழைய கற்களில் சேர், பலம் என்று வேறு அளவுகள் இருக்கும், தேய்ந்தும் இருக்கும். ஒவ்வொன்றையும் சமையலறை மின்தராசில் நிறுத்துக் கிராமில் எழுதிக்கொள்ளுங்கள்.

3. ஊஞ்சல் எந்த வகை? நிமிர்ந்து பாருங்கள்

இந்த ஒரு பார்வையைத் தவிர்ப்பவர்கள்தான் பிறகு நீளம் ஒத்துவரவில்லை என்று குழம்புகிறார்கள்.

முதல் வகையில் உத்தரத்தில் நான்கு கொக்கிகள் இருக்கும். நான்கு சங்கிலியும் ஒன்றுக்கொன்று இணையாக நேரே கீழிறங்கும். ஆடும்போது பலகை சாயாது, கிடையாகவே போய்வரும். பலகையின் ஒவ்வொரு புள்ளியும் ஒரே அளவான வில்லில் நகர்வதால், சங்கிலியின் நீளமே ஊசலின் நீளம். மேலே அசையாமல் ஒருவர் உட்கார்ந்தாலும் அலைவு நேரம் (ஒருமுறை போய்வர ஆகும் நேரம்) ஏறக்குறைய மாறாது.

இரண்டாம் வகையில் பக்கத்துக்கு ஒரு கொக்கிதான். முன் சங்கிலியும் பின் சங்கிலியும் மேலே போய் ஒரே வளையத்தில் சேரும். ஆடும்போது பலகையும் சேர்ந்து சாயும். இங்கே ஊசலின் நீளம் என்பது கொக்கியிலிருந்து பலகையின் நடுவுக்கு இறங்கும் நேர் உயரம். சாய்வாக வரும் சங்கிலியை அளந்தால் நீளம் கூடுதலாக வரும். ஆள் உட்கார்ந்தால் நிறைமையம் மேலே ஏறும், அலைவு நேரம் குறையும். எழுந்து நின்றால் இன்னும் குறையும். ஆகவே அளவு எடுக்கும்போது பலகை வெறுமையாக இருக்கட்டும்.

இரண்டு வகையிலும், கொக்கியும் வளையமும் உரசும் புள்ளியிலிருந்து அளக்க வேண்டும். விதானப் பலகையிலிருந்து அளக்காதீர்கள், இடையில் கால் அடி தொங்கல் இருக்கும்.

பித்தளைச் சங்கிலி கனமாக இருந்தால் அதுவும் கணக்கில் நுழையும். சங்கிலிகளின் மொத்த எடை பலகையின் எடையில் கால் பங்கு என்றால், அலைவு நேரம் வெறும் நீளத்தை வைத்துப் போட்ட கணக்கைவிடச் சுமார் 2 விழுக்காடு குறையும். விடை 2 விழுக்காடு தள்ளி வந்தால் கைப்பிழை என்று முடிவு கட்டுமுன் சங்கிலியை ஒருமுறை பாருங்கள்.

ஏறி நின்று தொடுவதற்கு முன் இன்னொன்று. கொக்கி தேய்ந்திருக்கிறதா, உத்தரத்தில் கறையான் அரித்த தடம் இருக்கிறதா என்று பெரியவர் ஒருவரிடம் காட்டிச் சரிபாருங்கள். 20 கிலோ பலகை முழங்காலில் பட்டால் வெகுநாள் வலிக்கும். சின்னப் பிள்ளைகளை முகப்பிலேயே நிறுத்திவிடுங்கள்.

4. நடுப்புள்ளியையும் வீச்சையும் குறித்தல்

பலகையின் அடியில் நடுவே ஓர் ஈர்க்குச்சியை நூலால் இறுக்கிக் கட்டி, தரைக்கு அரை விரற்கடை மேலே முனை நிற்கும்படி விடுங்கள். பலகையை அசையாமல் நிறுத்த ஐந்து நிமிடமாவது காத்திருங்கள். முனை நிற்கும் இடம்தான் சமநிலைப் புள்ளி. அதன்வழியே ஆடும் திசையில் காகித நாடாவைத் தரையில் ஒட்டி, இரு பக்கமும் 5 செ.மீ.க்கு ஒரு கோடாக 60 செ.மீ. வரை எழுதுங்கள்.

ஆத்தங்குடிக் கல் பதித்த தளம் என்றால் கல்லின் விளிம்புகளே அளவுகோல் போலத் தெரியும். ஆசைப்பட வேண்டாம். கையால் செய்து பதித்த கல், இடைவெளி முழுக்க ஒரே சீராக இருக்காது. கல்லின் மேல் ஸ்கெட்ச் பேனாவால் நேராக எழுதவே கூடாது. அது சிமெண்டுக் கல், மையை உறிஞ்சிக்கொள்ளும், பிறகு எந்த எண்ணெய் போட்டுத் துடைத்தாலும் போகாது.

வீச்சு என்பது நடுவிலிருந்து ஓர் ஓரம் வரைதான். இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை அளந்து அதை வீச்சு என்று எழுதினால் வீச்சு இரு மடங்காகும், ஆற்றல் நான்கு மடங்காகும். தேர்வுத்தாள்களில் இதுதான் அடிக்கடி வரும் பிழை. இடப்பக்க அளவும் வலப்பக்க அளவும் சற்று வேறுபட்டால் நடுப்புள்ளியைத் தவறாகக் குறித்திருக்கிறீர்கள். இரண்டின் சராசரியை எடுத்தால் அந்தப் பிழை அடிபட்டுப் போகும்.

5. இழுத்துப் பார்த்து விசை மாறிலி காணுதல்

பலகையைக் கழற்றி எடை போட வேண்டும் என்று நினைத்துத்தான் பலர் இந்த வேலையைத் தொடங்குவதே இல்லை. தேவையில்லை. கொக்கித் தராசைப் பலகையின் நடு விளிம்பில் மாட்டி, கிடையாக, மெதுவாக இழுங்கள். முனை 10 செ.மீ. கோட்டில் நிற்கும்போது தராசு காட்டுவதை எழுதுங்கள். அப்படியே 20, 30.

நம் எடுத்துக்காட்டில் தராசு 0.8, 1.6, 2.4 கிலோ என்று காட்டும். தராசு கிலோவில் பேசுகிறது, நமக்கு வேண்டியது நியூட்டன். செட்டிநாடு நிலநடுக்கோட்டுக்கு வடக்கே சுமார் 10 பாகையில் இருப்பதால் புவியீர்ப்பு முடுக்கம் இங்கே 9.78. ஆக 2.4 கிலோ என்பது 23.5 நியூட்டன். அதை 0.30 மீட்டரால் வகுத்தால் மீட்டருக்கு 78 நியூட்டன். இதுவே இந்த ஊஞ்சலின் விசை மாறிலி.

கவனிக்க வேண்டியவை மூன்று. 40 செ.மீ.க்கு மேல் இழுக்காதீர்கள், அதற்கு மேல் கிடை விசை நேர்கோட்டை விட்டு விலகத் தொடங்கும். தராசு மேல்நோக்கிச் சாய்ந்தால் பலகையின் எடையில் ஒரு பகுதியையும் தாங்கிவிடும், ஆகவே கண்மட்டத்தைத் தராசு மட்டத்துக்கு இறக்கிப் பாருங்கள். கொக்கியில் உரசல் இருந்தால் இழுத்துக்கொண்டு போகும்போது ஓர் எண்ணும், தளர்த்திக்கொண்டு வரும்போது சற்றுக் குறைந்த எண்ணும் வரும். இரண்டையும் எழுதிச் சராசரி எடுங்கள்.

6. ஆற்றல்: ஒரு முக்கோணத்தின் பரப்பு

இந்த வேலையின் உயிர் இங்கேதான் இருக்கிறது, அவசரப்படாதீர்கள்.

வரைபடத்தாளில் கிடையாக இடப்பெயர்ச்சி, நெடுக்காக விசை. நீங்கள் எடுத்த மூன்று புள்ளிகளும் தொடக்கப் புள்ளி வழியாகச் செல்லும் ஒரு சாய்கோட்டில் விழும். 30 செ.மீ. வரை இழுக்க நீங்கள் செய்த வேலை, அந்தக் கோட்டுக்குக் கீழே உள்ள முக்கோணத்தின் பரப்பு. அடி 0.30, உயரம் 23.5, பாதி எடுத்தால் 3.5 ஜூல். அந்த ஆற்றல்தான் இப்போது பலகையிடம் இருக்கிறது. விட்டால் ஆடித் தீர்க்கப்போவதும் அதைத்தான்.

இனி 60 செ.மீ. வரை கோட்டை நீட்டுங்கள். அடி இரண்டு மடங்கு, உயரமும் இரண்டு மடங்கு. பரப்பு நான்கு மடங்கு: 14.1 ஜூல். ‘வீச்சின் இருமடி’ என்று புத்தகம் சொல்வது இதைத்தான். தொலைவு கூடும்போது இழுக்க வேண்டிய தூரமும் கூடுகிறது, ஒவ்வொரு செ.மீ.க்கும் தேவைப்படும் விசையும் கூடுகிறது. இரண்டும் பெருக்கலில் சேருவதால் இருமடி. ‘½ × விசை மாறிலி × வீச்சு × வீச்சு’ என்பது அந்த முக்கோணத்தின் பரப்பைச் சுருக்கமாக எழுதியதுதான். இதைப் புரிந்துகொண்டவர் வாய்பாட்டை மறந்தாலும் தாளில் ஒரு முக்கோணம் போட்டு மீட்டுக்கொள்வார்.

சரிபார்க்க வேறு வழியும் இருக்கிறது. 30 செ.மீ. ஒதுங்கிய பலகை எவ்வளவு உயர்ந்திருக்கிறது? வீச்சின் இருமடியை நீளத்தின் இரு மடங்கால் வகுங்கள்: 0.09-ஐ 5-ஆல் வகுத்தால் 0.018 மீட்டர், அதாவது 1.8 செ.மீ. 20 கிலோவை 1.8 செ.மீ. தூக்க ஆகும் வேலை 20 × 9.78 × 0.018, அதுவும் 3.5 ஜூல். 60 செ.மீ. ஒதுக்கினால் உயரம் 7 செ.மீ.க்குச் சற்று மேல். ஈர்க்குச்சி தரையிலிருந்து எழும்புவதைக் கண்ணாலேயே காணலாம்.

7. அலைவு நேரம்: இருபது அலைவு, நடுவில் எண்ணுங்கள்

கடிகாரத்தை ஓரத்தில் தொடங்கி ஓரத்தில் நிறுத்துவது இயல்பாகத் தோன்றும், தவறு. ஓரத்தில் பலகை ஏறக்குறைய நிற்பதால் எந்தக் கணத்தில் திரும்பியது என்று கண் தீர்மானிக்காது. நடுக்கோட்டை வேகமாகக் கடக்கும்போது ஐயம் இருக்காது. முனை இடமிருந்து வலமாக நடுக்கோட்டைக் கடக்கும்போது ‘சுழி’ என்று சொல்லிக் கடிகாரத்தை அழுத்துங்கள். ‘ஒன்று’ என்று தொடங்கினால் 20 என்று எழுதுவது 19 அலைவாக இருக்கும், 5 விழுக்காடு பிழை அங்கேயே வந்துவிடும். அடுத்து அதே திசையில் கடக்கும்போதுதான் ஒன்று.

20 அலைவுக்கு 63.5 நொடி வர வேண்டும், ஓர் அலைவுக்கு 3.18. கை தாமதம் 0.2 நொடி இருந்தாலும் இருபதில் பகிர்ந்துவிடுவதால் பாதிக்காது. மூன்று முறை எடுங்கள்.

பிறகு வீச்சை 15, 30, 60 என்று மாற்றி எடுங்கள். 15-க்கும் 60-க்கும் ஆற்றல் பதினாறு மடங்கு வேறுபடுகிறது, அலைவு நேரமோ அரை விழுக்காடுகூட மாறாது. கடிகாரத்தைப் பார்த்து ஆற்றலைச் சொல்ல முடியாது என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டாம். பட்டாலைச் சுவரில் தொங்கும் பழைய ஊசல் கடிகாரத்திலும் இதே கதைதான்: சாவி தளரத் தளர ஊசலின் வீச்சு சுருங்கும், ஆனால் நேரம் பெரிதாகப் பிசகாது. வீச்சு மிகப் பெரிதானால்தான் இந்த விதி பிடி தளரும். 30 பாகைச் சாய்வில் அலைவு நேரம் 1.7 விழுக்காடு கூடிவிடும். 60 செ.மீ. நமக்கு 14 பாகை, அதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

8. நடுவில் வேகம் பார்த்து இயக்க ஆற்றல் காணுதல்

பலகை நடுவைக் கடக்கும்போது, இழுத்து வைத்ததால் சேர்ந்த நிலை ஆற்றல் முழுவதும் வேகத்தில் இருக்கும் இயக்க ஆற்றலாகியிருக்க வேண்டும். ஆகியிருக்கிறதா?

நடுக்கோட்டுக்கு இரு புறமும் 5 செ.மீ. தள்ளித் தடித்த கோடு போடுங்கள். போனைத் தரைமட்டத்தில், மூன்று மீட்டர் தள்ளி, நடுக்கோட்டுக்கு நேர் எதிரே வைத்து, நொடிக்கு 240 படம் எடுக்கும் மெதுவியக்கத்தில் பதிவு செய்யுங்கள். 30 செ.மீ. வீச்சில் அந்த 10 செ.மீ.யைக் கடக்க 0.17 நொடி ஆகும், அதாவது 40 படங்கள். சாதாரண 30 படப் பதிவில் ஐந்தே படம்தான் கிடைக்கும். ஒரு படம் தவறினால் வேகத்தில் 20 விழுக்காடு பிழை, ஆற்றலில் ஏறக்குறைய 40. ஆகவே மெதுவியக்கம் இல்லாத போனில் இந்தப் படியை விட்டுவிடுவது நல்லது.

வேகம் நொடிக்கு 0.59 மீட்டர் வரும். ½ × 20 × 0.59 × 0.59 = 3.5 ஜூல். பலகையின் நிறை தெரியாவிட்டால், அலைவு நேரத்தை 6.283-ஆல் (பை-யின் இரு மடங்கு) வகுத்து, விடையை இருமடியாக்கி, விசை மாறிலியால் பெருக்குங்கள். சங்கிலியின் பங்கையும் சேர்த்தே நிறை வந்துவிடும். கடையில் தேக்கு எடை கேட்க வேண்டாம்.

இடுக்கில் இன்னொரு சிக்கல். குறிகளை 5 செ.மீ.க்குப் பதில் 15 செ.மீ. தள்ளி வைத்தால் படங்கள் நிறையக் கிடைக்கும்தான், ஆனால் அதற்குள் பலகையின் வேகம் மாறிவிடுகிறது. உங்களுக்குக் கிடைப்பது சராசரி, உச்ச வேகம் இல்லை.

9. பாதி வழியில் யாருக்கு எத்தனை பங்கு

30 செ.மீ. வீச்சில் பலகை 15 செ.மீ.யில் இருக்கும்போது, மீண்டும் அந்த முக்கோணத்துக்குப் போங்கள். 15 செ.மீ. வரையிலான சின்ன முக்கோணம் பெரியதில் கால் பங்கு. ஆகவே நிலை ஆற்றல் 0.88 ஜூல், மீதி 2.64 ஜூல் இயக்க ஆற்றல். வேகம் உச்சத்தில் 87 விழுக்காடு இன்னும் இருக்கிறது. இரண்டும் சரிபாதியாவது 21.2 செ.மீ.யில், அதாவது வீச்சில் 0.707 பங்கில். நிலை ஆற்றல் முக்கால் ஆவது 26 செ.மீ.யில். கடைசி 4 செ.மீ.க்குள் மீதிக் கால் பங்கும் கரைகிறது.

நேரத்தையும் பாருங்கள். நடுவிலிருந்து 15 செ.மீ.க்கு வர அலைவு நேரத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கு, 0.26 நொடி. அடுத்த 15 செ.மீ.க்கு ஆறில் ஒரு பங்கு, 0.53 நொடி. தொலைவு ஒன்றே, நேரம் இரட்டிப்பு. ஓரத்தில் ஊஞ்சல் தயங்கி நிற்பது போலத் தோன்றுவது வெறும் தோற்றம் அல்ல.

10. தேய்வு: ஊஞ்சல் ஆற்றலை எங்கே கொட்டுகிறது

60 செ.மீ.யில் விட்டு, தொடாமல், ஒவ்வோர் ஐந்து அலைவுக்கும் ஒரே பக்கத்து வீச்சை எழுதுங்கள். ஒருவர் எண்ண, ஒருவர் பார்க்க, ஒருவர் எழுத. தனியாகச் செய்தால் எண்ணிக்கை கண்டிப்பாகத் தவறும்.

வீச்சு 60-லிருந்து 30-க்கு வர 35 அலைவு ஆனதாக வைத்துக்கொள்வோம். வீச்சு பாதி, ஆற்றல் கால். 1.386-ஐ அந்த 35-ஆல் வகுத்தால் 0.04. ஓர் அலைவுக்கு 4 விழுக்காடு ஆற்றல் போகிறது. (1.386 என்பது 2-இன் இயல் மடக்கையின் இரு மடங்கு.)

இப்போது 30-லிருந்து 15-க்கு எத்தனை அலைவு என்று எண்ணுங்கள். இந்த ஓர் எண்ணே நோயைச் சொல்லிவிடும்.

அதே 35 என்றால் புத்தகத்தில் உள்ள தடையுறு அலைவு: ஒவ்வோர் அலைவிலும் ஒரே விகிதத்தில் குறைகிறது. 35-ஐவிட அதிகம், 70-ஐ நெருங்குகிறது என்றால் ஆற்றலைத் தின்பது பலகை வெட்டிச் செல்லும் காற்று. வேகம் குறையக் குறைய அதன் பிடி விரைவாகத் தளர்கிறது. 17, 18 அலைவிலேயே முடிந்துவிட்டால் கொக்கியில் வறண்ட உரசல். அங்கே ஒவ்வோர் அலைவிலும் வீச்சு ஒரே அளவு செ.மீ. குறையும், வரைபடத்தில் நேர்கோடாக இறங்கும். கிரீச் என்ற சத்தமும் வரும். கொக்கி வளையத்தில் கிரீஸ் தடவி மறுபடி எண்ணுங்கள். தடவுவதற்கு முந்தைய அட்டவணையைக் கிழித்துவிடாதீர்கள், இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்த பக்கம்தான் உங்கள் நோட்டிலேயே சிறந்த பக்கமாக இருக்கும். பெரும்பாலான ஊஞ்சல்களில் மூன்றும் கலந்தே இருக்கும்.

11. தள்ளிக் கூட்டுவது

வீச்சை 30-லிருந்து 35-ஆக்க 1.3 ஜூல் போதும். 60-லிருந்து 65-ஆக்க 2.4 ஜூல் வேண்டும். அதே 5 செ.மீ.தான், விலை ஏறக்குறைய இரட்டை. ஊஞ்சலில் பிள்ளையை வைத்துத் தள்ளும் ஆச்சிக்குக் கையே இதைச் சொல்லும்: முதல் நாலு தள்ளலில் சரசரவென்று ஏறும், பிறகு எவ்வளவு தள்ளினாலும் அதிகம் ஏறாது. ஒவ்வோர் அலைவிலும் தேய்வில் போவதும் தள்ளலில் வருவதும் சமமாகும் இடத்தில் வீச்சு நின்றுவிடும். பலகை எதிரே வரும்போது தள்ளினால் ஆற்றலைப் பிடுங்குகிறீர்கள், விலகிப் போகும்போது தள்ளினால் கொடுக்கிறீர்கள்.

12. சுருள்வில்லில் அதே வேலை, வேறு சிக்கல்கள்

செய்முறைத் தேர்வுக்குச் சுருள்வில் வரும் என்பதால் இதையும் செய்துவிடுங்கள். 100 கிராம் கூடும்போதெல்லாம் 3.9 செ.மீ. நீள்கிறது என்றால் விசை மாறிலி மீட்டருக்கு 25 நியூட்டன். 400 கிராம் தொங்கும்போது 5 செ.மீ. வீச்சுக்கு 0.031 ஜூல், 10 செ.மீ.க்கு 0.125 ஜூல். ஊஞ்சலோடு ஒப்பிட்டால் தூசு, விதி மட்டும் அதே.

கடையில் வாங்கும் இழுவை ஸ்பிரிங் சுற்றுகள் ஒட்டி இறுக்கமாக இருக்கும், முதல் எடைக்கு அசையாது. ஆகவே மொத்த எடையை மொத்த நீட்சியால் வகுக்காதீர்கள். சுற்றுகள் பிரிந்த பிறகு, கூடுதல் எடைக்கு எவ்வளவு கூடுதல் நீட்சி என்று சாய்வைத்தான் எடுக்க வேண்டும்.

தூக்குச்சட்டியில் தண்ணீர் ஊற்றி எடையாக்க வேண்டாம். தளும்பும், ஆற்றலைக் குடிக்கும்.

இடப்பெயர்ச்சியை எடை தொங்கி நிற்கும் இடத்திலிருந்து அளக்க வேண்டும், ஸ்பிரிங்கின் இயல்பு நீளத்திலிருந்து அல்ல. புவியீர்ப்பை எங்கே சேர்ப்பது என்று குழம்புகிறவர்கள் ஒருமுறை இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்: சுற்றுகளில் அந்தத் தொடக்க இறுக்கம் இல்லை என்று வைத்துக்கொண்டால், 400 கிராம் ஸ்பிரிங்கை 15.6 செ.மீ. நீட்டி நிற்கிறது. இன்னும் 5 செ.மீ. இறக்கினால் ஸ்பிரிங்கில் ஏறும் ஆற்றல் 0.227 ஜூல், எடை இறங்கியதால் போவது 0.196 ஜூல். மீதி 0.031. புவியீர்ப்பு தானாகவே கழிந்துவிடுகிறது.

ஸ்பிரிங்கும் ஆடுவதால் அதன் எடையில் மூன்றில் ஒரு பங்கைச் சேர்க்க வேண்டும். 45 கிராம் ஸ்பிரிங் என்றால் 15 கிராம். சேர்த்தால் 20 அலைவுக்கு 16.2 நொடி, சேர்க்காவிட்டால் கணக்கு 15.9 என்று சொல்லும்.

வீச்சு அந்த 15.6 செ.மீ.யை நெருங்கக் கூடாது. மேலே போகும்போது சுற்றுகள் மோதி ‘டக்’ என்று கேட்டால் அது சீரிசை இயக்கமே இல்லை.

கடைசியாக, பலரையும் திகைக்க வைப்பது: மேலும் கீழுமாக நன்றாக ஆடிக்கொண்டிருந்த எடை சிறிது நேரத்தில் பக்கவாட்டில் ஊசல் போல ஆடத் தொடங்கும், மேல்கீழ் ஆட்டம் நின்றே போகும், பிறகு திரும்ப வரும். பிடித்த கை நடுங்கவில்லை. கொக்கியிலிருந்து எடையின் நடு வரையுள்ள நீளம், எடை உண்டாக்கிய நீட்சியைப் போல ஏறக்குறைய நான்கு மடங்காக இருந்தால் மேல்கீழ் அதிர்வெண் ஊசல் அதிர்வெண்ணின் இரு மடங்காகிறது, ஆற்றல் ஒன்றிலிருந்து மற்றதற்குப் பாய்கிறது. நம் எடுத்துக்காட்டில் 62 செ.மீ. அருகே ஆபத்து. நூல் சேர்த்துத் தொங்கவிட்டு நீளத்தை மாற்றுங்கள், சரியாகிவிடும்.

13. நோட்டில் என்ன இருக்க வேண்டும்

பென்சிலில் எழுதி வீட்டில் வந்து ‘அழகாக’ப் படியெடுப்பதை விடுங்கள், அங்கே எழுதியதே பதிவு. தேதி, நேரம், ஊஞ்சலின் வகை, நீளம் எடுத்த இரு முனைகள், தராசின் குறைந்தபட்ச அளவு, ஆட்டியவர், எண்ணியவர். அட்டவணைக் கட்டங்களை முந்தின இரவே கோடு போட்டு வைத்தால் அங்கே தவிக்க வேண்டாம். கிடையாக இடப்பெயர்ச்சி, நெடுக்காக விசை ஒரு வரைபடம், கிடையாக வீச்சின் இருமடி, நெடுக்காக ஆற்றல் இன்னொன்று. இரண்டாவதில் வீச்சை இருமடியாக்காமல் போட்டால் வளைகோடு வரும், அதிலிருந்து எந்த மாறிலியையும் எடுக்க முடியாது. இருமடியாக்கினால் நேர்கோடு, அதன் சாய்வு விசை மாறிலியில் பாதி. அந்தச் சாய்வை இரட்டித்தால் 5-ஆம் படியில் தராசு சொன்ன எண்ணோடு ஒத்துவர வேண்டும். ஆனால் இந்த வரைபடத்துக்கு ஆற்றலை 8-ஆம் படியின் வேகத்திலிருந்தோ 6-ஆம் படியின் உயரத்திலிருந்தோ எடுங்கள். விசை மாறிலியிலிருந்தே ஆற்றலைக் கணக்கிட்டு மறுபடி அதையே கண்டுபிடித்தால் சோதனை வட்டமாகச் சுற்றி வருகிறது, வாய்மொழித் தேர்வில் ஆசிரியர் முதலில் தொடும் இடமும் அதுவே.

தரையில் ஒட்டிய நாடாவை அன்றே உரித்துவிடுங்கள். நாள் கடந்தால் பசை கல்லில் பிடித்துக்கொள்ளும். ஈர்க்குச்சியை அவிழ்த்து, கிரீஸ் சொட்டியிருந்தால் துடைத்து, பலகையைப் பழையபடி நிறுத்திவிட்டுச் சாவியைக் கொடுத்துவிட்டு வாருங்கள்.